மூக்குத்தி தெளிவு, கண் மங்கல்: டிஎஸ்எல்ஆர் ஆட்டோஃபோகஸ் எங்கே பிசகுகிறது?

அண்ணியின் வளைகாப்பில் நான் எடுத்த படங்களில் ஒன்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, இரண்டு கை நிறைய வளையல்களோடு அவர் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். என் கேமரா, லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகை. அதன் பின்திரையில் அந்தப் படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான், மூக்குத்திக் கல்லின் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியே மின்ன, கண்ணிமைகள் மட்டும் பஞ்சாகக் கலைந்திருப்பதைக் கண்டேன். எங்கே தெளிவு வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மீதுதான் வைத்திருந்தேன்.

படத்தைப் பார்த்த நண்பர்களில் ஒருவர் லென்ஸ் போய்விட்டது என்றார். இன்னொருவர் கேமராவையே மாற்றச் சொன்னார். மூன்றாமவர் என் கை நடுங்கியிருக்கும் என்றார். மூவரும் சொன்னது ஒரே சொல்லைத்தான்: “ஃபோகஸ் சரியில்லை.” அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. எந்தக் கோளாறு எது என்று பிரித்தறியவும், புதிதாக லென்ஸ் வாங்கும்போது இந்த அறிவைப் பயன்படுத்திக்கொள்ளவும் உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மங்கல் எல்லாம் ஃபோகஸ் பிழை அல்ல

மங்கிய படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “படத்தில் வேறு எங்காவது தெளிவு இருக்கிறதா?” என்பதே. எங்குமே தெளிவில்லாமல், விளக்குகளும் நகைகளின் ஒளிப்புள்ளிகளும் ஒரே திசையில் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தால், அசைந்தது கேமரா. சுவரும் நாற்காலியும் தெளிவாக இருக்க, ஆளின் கைகளும் முகமும் மட்டும் கலைந்திருந்தால், அசைந்தவர் படத்தில் இருப்பவர். இவ்விரண்டுக்கும் மருந்து ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்து மூடும் வேகத்தை, கூட்டுவதுதான். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட கேமராவில் 50 மிமீ லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவர், அசைவைத் தடுக்கும் வசதி லென்ஸில் இல்லையென்றால், நொடியில் 80-இல் ஒரு பங்குக்கும் மெதுவாக ஷட்டரை வைக்காமல் இருப்பது நல்லது. மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவை, கூட்டத் தயங்கி 30-இல் ஒரு பங்கில் எடுத்துவிட்டு ஆட்டோஃபோகஸைத் திட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓராண்டுக் காலம் நானும் அவர்களில் ஒருவன்.

ஏதோ ஓர் இடம் கூர்மையாக இருந்து, அது நாம் விரும்பிய இடமாக இல்லாவிட்டால் மட்டுமே அது ஃபோகஸ் தொடர்பான கோளாறு. என் படத்தில் மூக்குத்தி தெளிவாக இருந்தது. ஆகவே என் கை நடுங்கவில்லை. தெளிவு இலக்குக்கு முன்னால் விழுந்தால் அதை ஃப்ரண்ட் ஃபோகஸ் என்றும், பின்னால் விழுந்தால் பேக் ஃபோகஸ் என்றும் சொல்வார்கள். கண்ணைக் குறிவைத்து மூக்குத்தி தெளிந்தால் முன்னது. காதிலிருக்கும் ஜிமிக்கி தெளிந்தால் பின்னது.

ஆனால் அங்கேயும் அவசரப்படக் கூடாது. எல்லாப் புள்ளிகளையும் இயக்கத்தில் விட்டிருந்தால், கேமரா பெரும்பாலும் தனக்கு மிக அருகில் இருக்கும் பொருளையே தேர்ந்தெடுக்கும். மணமக்களுக்கு முன்னால் நீட்டப்பட்ட ஆரத்தித் தட்டு பளிச்சென்று தெளிந்திருப்பதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, அந்த அமைப்பு. ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும், கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடிக் குழியில் (வியூஃபைண்டர்) தெரியும் சிறு கட்டத்தைவிட உண்மையான அளவீட்டுப் பகுதி பெரும்பாலும் அகலமானது. கட்டம் கண் மீது இருந்தாலும் கேமரா புருவத்தையோ நெற்றிச்சுட்டியையோ பிடித்திருக்கலாம்.

தெளிவு எவ்வளவு மெல்லியது?

லென்ஸ் உண்மையில் ஒரே ஒரு தூரத்தில்தான் முழுத் தெளிவைத் தருகிறது. கேமராவுக்கு இணையாக நிறுத்திய ஒரு மெல்லிய கண்ணாடித் தகடாக அந்த இடத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தகட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் வரை மங்கல் கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருக்கும். அந்தப் பட்டையின் தடிமனை இனித் தெளிவு ஆழம் என்று அழைப்போம். லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர், எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்குத் தெளிவு ஆழம் மெலியும். துளை விரிய விரிய எஃப் எண் குறையும் என்பதையும் இங்கேயே நினைவில் கொள்க.

கேனன் 1500டி போன்ற சிறிய சென்சார் கேமராவில், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள முகத்தை, கேமராவுடன் வரும் 18-55 கிட் லென்ஸால் 55 மிமீ, எஃப்/5.6 என்ற நிலையில் எடுத்தால், தெளிவு ஆழம் சுமார் ஆறரை செ.மீ. கிடைக்கும்; மூக்கு நுனியிலிருந்து கண்ணைத் தாண்டியும் அது போதுமானது. அதே இடத்தில் நின்று 50 மிமீ லென்ஸை எஃப்/1.8-இல் திறந்தால் சுமார் இரண்டரை செ.மீ.தான். தகட்டுக்கு முன்னால் ஒன்றேகால், பின்னால் ஒன்றேகால்.

கிட் லென்ஸில் ஒருபோதும் தெரியாத பிழை, புதிதாக வாங்கிய 50 மிமீ லென்ஸில் முதல் நாளே தெரிவது இதனால்தான். பிழை பழையதாகவே இருக்கலாம். அதை மூடி மறைத்த தடிமன் போய்விட்டது, அவ்வளவே. நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுப் பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகத்தைச் சரிசெய்யும் பழக்கமும் இங்கே காலை வாரிவிடும். பத்து பாகை திருப்பினாலே தெளிவுத் தகடு கண்ணுக்குப் பின்னால் ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடுகிறது, நம் கையிலிருந்ததோ ஒன்றேகால் செ.மீ. அந்தப் படத்தில் ஜிமிக்கி தெளிந்தால் அது பேக் ஃபோகஸ் அல்ல. வெறும் வடிவக் கணிதம்.

சுருக்கமாக: அசைவு என்பது ஒரு கோளாறு, தவறான புள்ளி இன்னொன்று, மெலிந்த தெளிவு ஆழம் மூன்றாவது. இம்மூன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான ஆட்டோஃபோகஸ் பிழை. அதைப் புரிந்துகொள்ளக் கேமரா எப்படி அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டைவிரலும் இரண்டு கண்களும்

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரோடு ஒப்பிட, விரல் இங்குமங்கும் தாவும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் தாவல் கூடும், தள்ளிக்கொண்டுபோனால் குறையும். தாவலின் அளவிலிருந்து தூரத்தைச் சொல்லிவிட முடியும் என்பதே இதன் பொருள்.

டிஎஸ்எல்ஆர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். லென்ஸின் ஒரு விளிம்பு வழியாக வரும் ஒளியையும் எதிர் விளிம்பு வழியாக வரும் ஒளியையும் தனித்தனி பிம்பங்களாக ஆக்கி, இரண்டுக்கும் இடையிலான விலகலை அளக்கிறது. விலகல் சரியான அளவில் இருந்தால் ஃபோகஸ் சரி. கூடினாலோ குறைந்தாலோ, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். இந்த முறைக்கு ஃபேஸ் டிடெக்‌ஷன் என்று பெயர். லென்ஸ் தேடி அலையாமல் சட்டென்று இலக்கில் போய் நிற்பது இதனால்தான்.

1985-இல் வந்த மினோல்டா 7000 இம்முறையைக் கேமரா உடலுக்குள்ளேயே வைத்துப் பரவலாக விற்று வெற்றி கண்டது. அடிப்படை அமைப்பு அன்றிலிருந்து மாறவில்லை. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடுகிறது. அதன் பின்னாலிருக்கும் இன்னொரு சிறு கண்ணாடி அந்த ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. கண்ணாடிப் பெட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஃபோகஸ் உணரி அதை அளக்கிறது. ஷட்டரை அழுத்தியதும் கண்ணாடிகள் மடங்கி மேலே போக, ஒளி முதன்முறையாகப் படச் சென்சாரைச் சேர்கிறது.

அளப்பது ஓரிடம், படம் பதிவது வேறோர் இடம். அளவு எடுப்பவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர் என்றிருக்கும் தையற்கடையைப் போன்றது இது. அளவு எடுப்பவரின் நாடா நுனியில் அரை அங்குலம் தேய்ந்திருந்தால், தைப்பவர் எத்தனை கைதேர்ந்தவராக இருந்தாலும் சட்டை ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் பிசகியே வரும். லென்ஸிலிருந்து உணரிக்குப் போகும் பாதையும் சென்சாருக்குப் போகும் பாதையும் நீளத்தில் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். சிறு கண்ணாடி ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அந்த ஒற்றுமை குலையும். லென்ஸிலும் அதற்கே உரிய சிறு விலகல் உண்டு.

ஆகவே “இந்த லென்ஸ் ஃப்ரண்ட் ஃபோகஸ் அடிக்கிறது” என்ற பேச்சு பாதி உண்மைதான். பிழை லென்ஸுக்கும் உடலுக்கும் இடையிலான பொருத்தத்தில் இருக்கிறது. உடல் கொஞ்சம் முன்னால் தவறி, லென்ஸ் கொஞ்சம் பின்னால் தவறினால் இரண்டும் கழிந்து படம் சரியாக வரும். இரண்டும் ஒரே பக்கம் தவறினால் கூடிக்கொள்ளும். போய்விட்டது என்று நண்பர் தீர்ப்பளித்த என் லென்ஸை அவருடைய கேமராவிலேயே பொருத்திப் பார்த்தோம். கண் தெளிவாக வந்தது.

லைவ் வியூ என்ற சாட்சி

பின்திரையைப் பார்த்துப் படமெடுக்கும் லைவ் வியூவில் கண்ணாடி ஏற்கெனவே மேலே மடங்கியிருக்கும். அளப்பதும் பதிவதும் ஒரே சென்சார். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்கள் அந்நிலையில் லென்ஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி, விளிம்புகள் எங்கே மிகக் கூர்மையாகின்றன என்று தேடுகின்றன. பழைய வானொலியின் குமிழைத் திருகி, நிலையத்தைத் தாண்டிப் போய், இரைச்சல் கூடியதும் திரும்பி வருவோமே, அதே வேலை. கான்ட்ராஸ்ட் டிடெக்‌ஷன் எனப்படும் இம்முறை மெதுவானது. ஆனால் அளவு எடுப்பவரே தைப்பதால் நாடா தேய்ந்த பிழை இங்கே நுழைய வழியில்லை. 2013-இல் கேனன் 70டியில் வந்த டூயல் பிக்சல் முறை, சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்‌ஷனை நடத்தி வேகத்தையும் மீட்டது.

கண்ணாடியே இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் இந்த வகைப் பிழை ஏறத்தாழ இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம். நமக்கு இப்போது தேவை, லைவ் வியூவை நம்பகமான சாட்சியாக நிறுத்துவதுதான்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

சாய்த்து வைத்த அளவுகோலைக் குறிவைத்துச் சோதிப்பது பரவலான பழக்கம். அது ஏமாற்றும். அளவீட்டுப் பகுதி கட்டத்தைவிட அகலம் என்று பார்த்தோம். சாய்ந்த அளவுகோலில் எந்தக் கோட்டைக் கேமரா பிடித்தது என்று நமக்குத் தெரியாது. மாறாக, தடித்த எழுத்துகள் கொண்ட செய்தித்தாள் தலைப்பை அட்டையில் ஒட்டி, கேமராவுக்கு நேராக, இணையாக நிறுத்துங்கள். அதன் பக்கத்தில் மட்டும் ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். குறி அட்டையின் மீது. அளவுகோல் விடையைப் படிக்க மட்டும்.

கேமரா முக்காலியில் இருக்கட்டும். தொலைவு லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரிலுள்ள மிமீ எண்) போல ஐம்பது மடங்கு என்பது நல்ல தொடக்கம். 50 மிமீ லென்ஸுக்கு இரண்டரை மீட்டர். துளையை முழுதும் திறந்து, நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்து, இரண்டு நொடி டைமரில் பத்துப் படங்கள் எடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் லென்ஸைக் கையால் திருகிக் கலைத்துவிட வேண்டும். பிறகு லைவ் வியூவில் சில படங்கள். வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கொளியில் மட்டும் ஃபோகஸ் சற்று விலகுவது உண்டு. எல்லா நிறங்களையும் லென்ஸ் மிகச் சரியாக ஒரே தூரத்தில் குவிப்பதில்லை என்பதே காரணம்.

இனி படங்களைக் கணினியில் முழு அளவில் பாருங்கள். லைவ் வியூ படங்களும் மங்கியிருந்தால், அந்த லென்ஸ் முழுத் திறப்பில் தரும் தெளிவே அவ்வளவுதான். ஆட்டோஃபோகஸ் மீது வழக்குப் போட முடியாது. லைவ் வியூ தெளிந்து, மற்ற பத்தும் ஒரே பக்கம் ஒரே அளவு தவறியிருந்தால், தினமும் ஐந்து நிமிடம் வேகமாகக் காட்டும் சுவர்க் கடிகாரத்தைப் போன்றது உங்கள் கேமரா, அதைத் திருத்தலாம். பத்தும் பத்து இடத்தில் சிதறியிருந்தால், ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மெதுவாகவும் ஓடும் கடிகாரம் அது; எந்தத் திருத்தமும் அதற்கு உதவாது. மங்கிய வெளிச்சமோ, வரிகளற்ற குறியோ, முழுத் திறப்புக்கு ஈடுகொடுக்காத எளிய உணரியோ காரணமாகலாம்.

என் பத்துப் படங்களும் முன்னால், ஏறத்தாழ ஒரே அளவில் தவறியிருந்தன.

திருத்தம்

நிலையான பிழைக்குத் தீர்வாக, 2007-இல் கேனன் 1டி மார்க் 3, நிகான் டி3, டி300 ஆகியவற்றின் மெனுவில் ஒரு வசதி வந்தது. கேனன் இதை மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் என்றும் நிகான் ஃபைன் ட்யூன் என்றும் அழைக்கின்றன. குறிப்பிட்ட லென்ஸ் பொருத்தப்பட்டிருக்கும்போது அளவீட்டில் இவ்வளவு கூட்டு அல்லது கழி என்று மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை சொல்லி வைக்கலாம். பிளஸ் திசை தெளிவைக் கேமராவிலிருந்து விலக்கிப் பின்னே தள்ளும். மைனஸ் அருகே இழுக்கும். மூக்குத்தி தெளிந்தால் பிளஸ், ஜிமிக்கி தெளிந்தால் மைனஸ். ஐந்து ஐந்தாக மாற்றிச் சோதித்து, பிறகு ஒன்றிரண்டாக நெருங்கினால் அரை மணி நேர வேலை. நிகான் டி5, டி500 முதலியவை லைவ் வியூவோடு ஒப்பிட்டுத் தாமாகவே மதிப்பைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன.

வருத்தமான செய்தி என்னவென்றால், தொடக்கநிலை உடல்களில் இந்த வசதி இல்லை. கேனன் 1300டி, 1500டி, 800டி, நிகான் டி3500, டி5600 ஆகியவற்றில் தேடிப் பயனில்லை. கேனன் 70டி, 80டி, நிகான் டி7200, டி7500 ஆகியவற்றில் உண்டு. மலிவான உடலில்தான் மக்கள் மலிவான 50 மிமீ லென்ஸை மாட்டுகிறார்கள் என்பதை நினைத்தால், இது நிறுவனங்கள் செய்த சிக்கனங்களில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் ஒன்று. அத்தகைய உடல் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: உடலையும் லென்ஸையும் சேர்த்தே சேவை மையத்தில் கொடுத்து ஒத்திசைக்கச் சொல்வது, முழுத் திறப்பில் எடுக்கும்போது லைவ் வியூவுக்கு மாறுவது, துளையைச் சுருக்குவது. சிக்மா, டேம்ரான் நிறுவனங்களின் சில லென்ஸ்களை, தனியே விற்கும் யுஎஸ்பி சாதனத்தில் பொருத்தி லென்ஸுக்குள்ளேயே திருத்தம் எழுதலாம். பல தூரங்களுக்குத் தனித்தனி மதிப்பு தர முடிவது அதன் கூடுதல் பயன்.

லென்ஸ் வாங்கும்போது

கடையில் முதலில் கேட்க வேண்டியது, அந்த லென்ஸ் உங்கள் உடலில் ஆட்டோஃபோகஸ் செய்யுமா என்பதே. கேனன் 1987-இல் இஎஃப் வரிசையைத் தொடங்கியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டதால் அங்கே சிக்கல் குறைவு. நிகானில் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களை உடலிலுள்ள மோட்டார்தான் திருப்ப வேண்டும்; டி3500, டி5600 போன்றவற்றில் அந்த மோட்டார் இல்லை. விலை குறைவு என்று 50 மிமீ எஃப்/1.8டி வாங்கிப் போய், கையால் மட்டுமே திருக முடியும் என்று வீட்டில் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. அவர்கள் ஏஎஃப்-எஸ் என்ற குறியைத் தேட வேண்டும். ஏஎஃப்-பி என்ற குறி கொண்ட புதியவை மறுபுறம் டி90 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸ் செய்யா.

அடுத்தது திறப்பு. நீங்கள் எந்த எஃப் எண்ணை அமைத்திருந்தாலும், அளக்கும் கணத்தில் கேமரா துளையை முழுதும் திறந்தே வைத்திருக்கும். ஆகவே எஃப்/2.8 லென்ஸ், நீங்கள் எஃப்/8-இல் எடுத்தாலும், உணரிக்கு அதிக ஒளியைத் தருகிறது. விரிந்த திறப்பில் இரு விளிம்புகளும் விலகி நிற்பதால், அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும் சிறப்புப் புள்ளிகள் உயர்நிலை உடல்களில் உண்டு. இரண்டு கண்கள் அகன்றிருந்தால் கட்டைவிரல் அதிகமாகத் தாவுவது போல, அவை தூரத்தை நுட்பமாக அளக்கின்றன. மறுமுனையில், பெரும்பாலான உடல்களின் ஃபோகஸ் அமைப்பு எஃப்/5.6 வரையே உறுதியாக வேலை செய்யும். எஃப்/4 லென்ஸோடு இரண்டு மடங்கு டெலிகன்வெர்ட்டரை (லென்ஸுக்கும் உடலுக்கும் இடையில் மாட்டி உருவைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) மாட்டினால் அது எஃப்/8 ஆகிவிடும். பறவை எடுக்க ஆசைப்பட்டு இதை வாங்குபவர், தம் உடல் எஃப்/8-இல் அளக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு விசேஷங்களை எடுக்கும் தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை, எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள், ஆனால் எஃப்/2.8-இல் எடுங்கள் என்பதே. ஒரு மீட்டரில் தெளிவு ஆழம் இரண்டரையிலிருந்து நான்கு செ.மீ. ஆகிறது, சிறு பிழைகள் அதற்குள் அடங்கிவிடும், பின்னணியும் போதிய அளவு கரையும். சிறிய சென்சார் உடலில், ஒடுங்கிய கூடத்துக்கு 35 மிமீயும், முகங்களுக்கு 50 மிமீயும் பொருந்தும். குழந்தைகள் ஓடும் இடத்தில் கேனனில் ஏஐ சர்வோ, நிகானில் ஏஎஃப்-சி என்ற தொடர் ஃபோகஸ் நிலையை வையுங்கள். ஒருமுறை பிடித்துப் பூட்டும் நிலை நிற்பவர்களுக்கு மட்டுமே.

கேனனும் நிகானும் 2018-இல் பெரிய சென்சார் மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கிய பிறகு, நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் பழையவையாக மலிவு விலையில் நிறையக் கிடைக்கின்றன. வாங்கப் போகும்போது உங்கள் உடலையே எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஏதாவது ஓர் அட்டைப்பெட்டியின் எழுத்துகளை முழுத் திறப்பில் கண்ணாடிக் குழி வழியாக ஐந்து முறையும் லைவ் வியூவில் இரண்டு முறையும் எடுத்து, திரையில் கடைசி வரை பெரிதாக்கி ஒப்பிடுங்கள். ஐந்தும் ஒரே பக்கம் தவறினால், உங்கள் உடலில் திருத்தும் வசதி இருந்தால் மட்டும் விலை பேசலாம். ஐந்தும் சிதறினால் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். அங்கேயும் சிதறினால் லென்ஸை மேசை மீது வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.